டியூப்லைட்டுக்கு அடியில் மூன்று தட்டுகள்

பழைய சிடி ஒன்று, டிவிடி ஒன்று, புளூ-ரே ஒன்று. வீட்டில் மூன்றும் கிடைத்தால், பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். சிடியில் வானவில் நெருக்கமாக வரும். கொஞ்சம் சாய்த்தாலே சிவப்பு போய்ப் பச்சை, பச்சை போய் ஊதா, மறுபடி சிவப்பு என்று ஓடும். டிவிடியில் அதே நிறங்கள் அகலமாக, நிதானமாக விரியும். புளூ-ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்தால் வானவில்லே இருக்காது. கறுத்த கண்ணாடிபோல் நம் முகத்தைத்தான் காட்டும். விளக்கை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு தட்டை நன்றாகச் சாய்த்தால் ஊதாவும் நீலமும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் கீற்றணியை வைத்து ஒளியின் அலைநீளம் கண்டுபிடித்தவர்களுக்குக் காரணம் உடனே பிடிபட்டுவிடும். தட்டில் தகவல் சுருள்சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உள்ள தூரம் சிடியில் 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74, புளூ-ரேயில் 0.32. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. புளூ-ரேயின் சுற்றுகள் ஊதா ஒளியின் ஓர் அலை நீளத்தைவிட நெருக்கமாக இருக்கின்றன. நேராக விழும் ஒளியை நிறம் பிரிக்க அவற்றால் முடியாது.

80 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தலைமுடியைத் தட்டின் மேல் வைத்தால், அதன் அடியில் சிடியின் 50 சுற்றுகள் மறையும். டிவிடியில் 108. புளூ-ரேயில் 250. சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் டிவிடியில் சுமார் 12 கிலோமீட்டர் வரும், புளூ-ரேயில் 27. எல்லாம் அதே 12 சென்டிமீட்டர் தட்டுதான்.

2006-இல் புளூ-ரே தட்டில் படங்கள் கடைக்கு வந்தபோது சினிமா பார்க்கிறவர்களிடம் இருந்த கேள்வி ஒன்றே. டிவிடி வந்து வீடியோ கேசட்டை ஒழித்த மாதிரி, இது வந்து டிவிடியை ஒழித்துவிடுமா? இருபது வருடம் கழித்து விடை நமக்குத் தெரியும். ஒழிக்கவில்லை. ஏன் ஒழிக்கவில்லை என்பதற்கான காரணங்களில் பாதி இயற்பியலில் இருக்கின்றன, மீதி நம் வீட்டு ஹாலில் இருக்கின்றன.

முதலில் இயற்பியல். எவ்வளவு நேர்த்தியான வில்லையை வைத்துக் குவித்தாலும் ஒளி ஒரு புள்ளியாகச் சுருங்காது. சிறு வட்டமாகத்தான் நிற்கும். அந்த வட்டத்தின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, ஒளியின் அலைநீளம். மற்றொன்று, வில்லை எவ்வளவு அகன்ற கூம்பாக ஒளியைக் குவிக்கிறது என்பது. பாடப்புத்தகம் அதை எண்ணியல் துளை என்று சொல்லும். அலைநீளத்தை எண்ணியல் துளையின் இரு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் அளவு கிடைக்கும். 1873-இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் அபே நுண்ணோக்கிக்காகக் கண்டுசொன்ன எல்லை இது.

டிவிடியில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், எண்ணியல் துளை 0.6. வகுத்தால் 542 நானோமீட்டர். புளூ-ரேயில் 405 நானோமீட்டர் லேசர், எண்ணியல் துளை 0.85. வகுத்தால் 238. தட்டின் பரப்பில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இடம் மிச்சமாவதால் இந்த இரண்டின் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும். 5.2 வருகிறது. டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி பிடிக்கும். அதை 5.2-ஆல் பெருக்குங்கள்: 24.4. புளூ-ரேயின் ஓர் அடுக்கு 25 ஜிபி.

ஒரு தொழிற்சாலைப் பொருளின் கொள்ளளவை ஒன்றரை நூற்றாண்டுப் பழைய சூத்திரம் இவ்வளவு நெருங்கிச் சொல்லிவிடுகிறது என்பதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. புளூ-ரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடிக்கும் போட்டுப் பார்க்கலாம். அதே 405 நானோமீட்டர் லேசர், ஆனால் எண்ணியல் துளை 0.65. கணக்கு 14 ஜிபி என்கிறது. அவர்கள் கொடுத்தது 15. சிடியிலிருந்து டிவிடிக்குப் போட்டால் மட்டும் கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிடும். அங்கே மீதியைக் கொடுத்தது வேறு: குறியீட்டு முறையையும் பிழைதிருத்தத்தையும் திருத்தி, குழிகளை இன்னும் நெருக்கி அடுக்கினார்கள்.

இன்னொரு பொருத்தம். நம் ஊர் டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720-க்கு 576 பிக்சல். மொத்தம் 4,14,720. முழு எச்டி என்பது 1,920-க்கு 1,080, மொத்தம் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு படத்துக்கு ஐந்து மடங்கு தட்டு. காகிதத்தில் பார்த்தால் டிவிடியின் கதை அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

இந்தத் தட்டுக்காக உலகம் அத்தனை வருடம் காத்திருந்ததற்குக் காரணம் லேசர்தான். சிவப்பு லேசர் மலிவாகக் கிடைத்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் வழி இல்லை. அதற்குத் தோதான பொருள் காலியம் நைட்ரைடு என்று தெரிந்தும், அதைக் குறையில்லாத படிகமாக வளர்க்க முடியாமல் பலர் கைவிட்டு, துத்தநாக செலினைடின் பக்கம் போய்விட்டார்கள். நகோயாவில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் விடவில்லை. தொகுஷிமா மாநிலத்தில் நிச்சியா என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் இருந்த ஷுஜி நகாமுராவும் விடவில்லை. 1993-இல் நகாமுரா பிரகாசமான நீல எல்இடியைக் காட்டினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊதா லேசரும் அவர் கையில் ஒளிர்ந்தது. நீல எல்இடிக்காக மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று வீடெங்கும் எரியும் எல்இடி பல்பும் புளூ-ரேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெயரில் நீலம் இருந்தாலும் 405 நானோமீட்டர் என்பது நல்ல ஊதா.

லேசர் கிடைத்ததும் வேலை முடியவில்லை. சுற்றும் தட்டு ஒருபோதும் முழுச் சமதளமாக ஓடாது; இம்மியளவாவது சாயும். சாய்ந்த பிளாஸ்டிக் வழியாகப் போகும் ஒளிவட்டம் வால்நட்சத்திரம்போல் ஒரு பக்கம் இழுபட்டுவிடும். இந்தக் கோளாறு பிளாஸ்டிக்கின் தடிமனோடு நேராகவும், எண்ணியல் துளையின் கனத்தோடும் ஏறும். அலைநீளம் குறைந்தால் இன்னும் மோசமாகும். டிவிடியில் ஒளி 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து தகவலைத் தொடுகிறது. அதே தடிமனை வைத்துக்கொண்டு 0.85 வில்லையைப் போட்டிருந்தால் கோளாறு நாலரை மடங்கு ஆகியிருக்கும். அதனால் புளூ-ரேக்காரர்கள் தகவலை மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழம்.

இதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். தட்டின் மேற்பரப்பில் நுழையும்போது டிவிடியின் ஒளிக்கற்றை சுமார் அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உள்ளே போகப் போகக் குவியும். மேலே 0.1 மில்லிமீட்டர் தூசு ஒன்று உட்கார்ந்திருந்தால் கற்றையில் நூற்றுக்கு நாலு பங்குதான் மறையும். லேசர் அதைப் பொருட்படுத்தாமல் படித்துவிட்டுப் போகும். புளூ-ரேயில் நுழையும் இடத்திலேயே கற்றை 0.13 மில்லிமீட்டர்தான். அதே தூசு பாதிக்கு மேல் மறைத்துவிடும். விரல்ரேகையே எதிரி. 2003-இல் ஜப்பானில் வந்த முதல் புளூ-ரே பதிவுக் கருவியில் தட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தே விற்றார்கள். அடுத்த வருடம் டிடிகே நிறுவனம் கீறல் விழாத கெட்டிப் பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் தட்டு உறையை விட்டு வெளியே வந்தது. பழைய டிவிடியையும் புளூ-ரேயையும் கையில் வைத்துத் தடவிப் பார்த்தால் அந்தப் பூச்சின் வழுவழுப்பு விரலுக்கே தெரியும்.

தோஷிபா முன்னால் நின்ற எச்டி டிவிடி அணி இந்த வம்புக்கே போகவில்லை. அதே 0.6 மில்லிமீட்டர், டிவிடி அச்சடிக்கும் ஆலைகளிலேயே சிறு மாற்றத்தோடு அச்சடிக்கலாம், செலவு குறைவு, கொள்ளளவும் குறைவு. பொறியியல் கண்ணோடு பார்த்தால் இரண்டுமே நியாயமான வழிகள். 2006-இல் அமெரிக்காவில் தோஷிபாவின் மலிவான கருவி 499 டாலர், சாம்சங்கின் முதல் புளூ-ரே கருவி 999 டாலர். ஆனாலும் தோற்றது மலிவானதுதான். சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்குள் புளூ-ரேயை வைத்துவிட்டதால், விளையாட வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் கேட்காமலே புளூ-ரே கருவி வந்து சேர்ந்தது. 2008 ஜனவரியில் வார்னர் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைக் கட்டியது.

சண்டையில் ஜெயித்தாயிற்று. எதிரே நின்றதோ டிவிடி. அமெரிக்காவிலேயே, புளூ-ரே வந்து பத்து வருடம் ஆன பிறகும், எண்ணிக்கையில் அதிகம் விற்றது டிவிடிதான்.

இங்கேதான் நம் வீட்டு ஹால் வருகிறது. பார்வை சரியாக உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை ஒன்றாகத்தான் பார்க்கும். இதை வைத்துக் கணக்குப் போடலாம். 32 அங்குல டிவியில் டிவிடி படம் ஓடினால், ஏறக்குறைய எட்டு அடி தள்ளி உட்காரும்போது அதன் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எட்டடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு அதைவிட நுணுக்கமான படத்தைக் கொடுத்தாலும் கண் அதை வாங்கிக்கொள்ளாது. புளூ-ரேயின் முழு நுணுக்கத்தையும் அதே டிவியில் பார்க்க வேண்டுமென்றால் நாலு அடிக்கு நெருங்கி உட்கார வேண்டும். யார் வீட்டில் அப்படி உட்காருவார்கள்? சோபா எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் இருக்கும். 55 அங்குலத் திரைக்குப் போனால் கணக்கு மாறுகிறது: அங்கே எச்டியின் எல்லை ஏழடி, டிவிடியின் எல்லை பதின்மூன்று அடி. எட்டடி தூரத்து சோபாவிலிருந்தே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் அத்தனை பெரிய திரை சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்தது ரொம்பத் தாமதமாக.

நுணுக்கம் மட்டுமே படமில்லை, உண்மைதான். புளூ-ரேயில் நிறம் திருந்தியது, ஒலி திருந்தியது. ஆனால் டெக்கில் கேசட் போட்டுப் பார்த்தவர்கள் டிவிடிக்கு மாறியபோது கிடைத்தது இந்த வகைத் திருத்தமே இல்லை. டெக்கும் இருபது கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு அது புரியும். நாடா தேயாது. ஹெட்டில் அழுக்கு சேராது. பின்னோக்கிச் சுற்ற வேண்டாம். பிடித்த பாட்டுக்கு ஒரே தாவலில் போகலாம். கேசட்டை டிவிடி கருவிக்குள் போட வழியில்லை என்பதால் பழையதைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. புளூ-ரே கருவியோ டிவிடியை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. போதாததற்கு அதன் வரிகளைக் கணக்கிட்டு நிரப்பி, எச்டி திரையில் முன்பைவிடத் துலக்கமாகவும் காட்டியது. பழைய தட்டுகளை மதித்து வடிவமைத்த பொறியாளர்களை நான் பாராட்டவே செய்வேன். ஆனால் அந்த மரியாதையே டிவிடிக்கு ஆயுளை நீட்டிக் கொடுத்தது. அலமாரியில் இருப்பதே நன்றாக ஓடும்போது இன்னொரு முறை யார் வாங்குவார்கள்?

தமிழ்நாட்டில் கதை இன்னும் ஒரு படி கீழே நடந்தது. இங்கே பல வீடுகளில் கேசட்டை ஒழித்தது விசிடி. 352-க்கு 288 பிக்சல். டிவிடியில் கால் பங்குதான். தட்டுக்கு 74 நிமிடம் என்பதால் ஒரு படம் இரண்டு, மூன்று தட்டுகளில் வரும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது படம் நின்று, யாராவது எழுந்துபோய் அடுத்த தட்டைப் போட வேண்டும். அதைப் பற்றி யாரும் குறைபட்டு நான் கேட்டதில்லை. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, திருட்டு விசிடிக்கு நிகரான விலையில் அசல் தட்டு கிடைத்தது. திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க 2004-இலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தது தமிழக அரசு. விலையோ அதைவிட எளிய வழியாக இருந்தது.

அந்தக் காலத்தில் நடைபாதைக் கடையில் 'ஒரே டிவிடியில் அஞ்சு படம்' என்று கிடைத்ததே, அதைக் கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டரை மணி நேரப் படம் ஐந்தை 4.7 ஜிபிக்குள் திணித்தால், விநாடிக்குச் சுமார் 8 லட்சம் பிட் கிடைக்கும். முறையான விசிடியிலேயே படத்துக்கு மட்டும் 11.5 லட்சம் உண்டு. அதாவது விசிடியைவிட மெலிந்த படத்தை டிவிடி என்ற பெயரில் நாம் காசு கொடுத்து வாங்கினோம். மேலான தட்டு கையில் கிடைத்ததும் அதில் மேலான படத்தை எதிர்பார்க்காமல் அதிகப் படத்தை எதிர்பார்த்தோம். புளூ-ரே நம் ஊரில் ஏன் வேர் விடவில்லை என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த அஞ்சு படத் தட்டைத்தான் காட்டுவேன்.

பிறகு தட்டே இல்லாமல் படம் வர ஆரம்பித்தது. தபாலில் டிவிடி அனுப்பும் தொழிலாக 1998-இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29 அன்று கடைசித் தட்டை அனுப்பி அந்தச் சேவையை மூடியது. 2016-இல் 4கே படங்களுக்காக 100 ஜிபி வரை பிடிக்கும் அடுத்த தலைமுறைப் புளூ-ரே வந்தும், அதைத் தேடிப் போகிறவர்கள் சிறு கூட்டம்தான். சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புளூ-ரே கருவி தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முழு எச்டி படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் விநாடிக்கு 50 லட்சம் பிட். இந்த வேகத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் 5.6 ஜிபி. ஈரடுக்கு டிவிடியில் பிடிப்பது 8.5. அதாவது இன்று எச்டி என்று நம் வீட்டுக்கு வரும் படத்தின் மொத்தத் தகவல், ஒரு பழைய டிவிடிக்குள் தாராளமாக அடங்கிவிடும். சுருக்கும் முறைகள் பெரிதும் முன்னேறியிருக்கின்றன. டிவிடி பயன்படுத்திய எம்பெக்-2-ஐவிடப் பாதிக்கும் குறைவான பிட்டில் அதே தரத்தை இன்று கொடுக்க முடிகிறது. ஆனாலும் புளூ-ரேயில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 4 கோடி பிட் வரை இடமிருக்கிறது. எட்டு மடங்கு.

அந்த எட்டு மடங்கு எங்கே தெரியும்? பகல் வெளிச்சத்தில் இருவர் நின்று பேசும் காட்சியில் தெரியாது. இரவுக் காட்சியைப் பாருங்கள். சுவரில் விளக்கொளி மெல்ல மங்கி இருளோடு கலக்கும் இடத்தில், இணையப் படம் படிக்கட்டு மாதிரி பட்டைப் பட்டையாக உடையும். கொட்டுகிற மழை கஞ்சிபோல் குழம்பும். புகை கட்டம் கட்டமாக நகரும். பழைய ஃபிலிமில் எடுத்த படமானால் அதன் மணல் துகள் போன்ற இழைமம் வழிக்கப்பட்டு முகங்கள் மெழுகாகிவிடும். ஒரு விநாடிக்குள் நிறைய மாறும் காட்சிக்கு நிறைய பிட் வேண்டும். இல்லையென்றால் சுருக்கும் நிரல் முதலில் கைவைப்பது இருட்டிலும் நுண்ணிய அசைவிலும்தான். பி.சி. ஸ்ரீராம் மாதிரி இருட்டை வைத்தே படம் வரைந்த ஒளிப்பதிவாளர்கள் உள்ள ஊர் இது. அவர்கள் விட்டுவைத்த நிழலை நாம் பட்டைகளாகப் பார்க்கிறோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நம் பழைய படங்களில் எத்தனையோ, ஒழுங்காகப் புதுப்பித்து நல்ல தட்டில் பதிக்கப்படாமலே இருக்கின்றன. 1964-இன் 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தபோது எவ்வளவு கூட்டம் திரண்டது! அந்த அக்கறை இன்னும் நூறு படங்களுக்காவது வேண்டும். உரிமம் முடிந்ததும் இணையத்திலிருந்து படம் காணாமல் போகலாம். ஆலையில் அச்சான தட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால், நம் அலமாரியில் இருக்கும்.

அதைப் படிக்கக் கருவி இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு புளூ-ரே கருவி இருக்கிறது. அதில் நான் அதிகம் போடுவது டிவிடிகளைத்தான். தட்டு உள்ளே போனதும் சில விநாடி அமைதி. பிறகு மோட்டார் சீறும், நிற்கும், மறுபடி சீறும். வந்திருப்பது என்ன தட்டு என்று அதற்குத் தெரியாது. அதன் தலைப்பகுதியில் சிடிக்கு அகச்சிவப்பு, டிவிடிக்குச் சிவப்பு, புளூ-ரேக்கு ஊதா என்று மூன்று லேசர்கள் இருக்கின்றன. ஒளியைப் பாய்ச்சி, வில்லையை மேலும் கீழும் நகர்த்தி, எதிரொளி எந்த ஆழத்திலிருந்து திரும்புகிறது என்று தேடும்: 0.1 மில்லிமீட்டரா, 0.6-ஆ, 1.2-ஆ என்று. 0.6 என்று தெரிந்ததும் ஊதா ஓய்ந்துவிடும், சிவப்பு எரியும், படம் தொடங்கும்.